நாலாவது வரிசைக்கு மேலே ஒரு ட்ரோன்

1

ஊரில் யாராவது "பிரான்ஸ்ல இன்னா வேலை?" என்று கேட்டால் "மேரியில் வேலை" என்பேன். மேரி என்றால் நகராட்சி ஆபீஸ், புதுச்சேரிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டாம். எந்தப் பிரிவு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொன்னதில்லை. கல்லறைப் பிரிவு. பாரீசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்தில் இலை கூட்டுகிறேன், பாதைக்குச் சரளை போடுகிறேன், குத்தகை முடிந்த கல்லறைகளில் நோட்டீஸ் ஒட்டுகிறேன்.

ஆமாம், இங்கே செத்தவனுக்கும் குத்தகைதான். காலம் முடிந்தால் கல்லின் மேல் ஒரு தாள் ஒட்டுவோம். குடும்பத்தார் தயவுசெய்து அலுவலகத்துக்கு வரவும் என்று அதில் இருக்கும். சிலர் வருவார்கள், பலர் வர மாட்டார்கள். வராவிட்டால் எலும்பைப் பெட்டியில் எடுத்துப் பொது அறையில் வைத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புருஷனைப் புதைக்க வந்த ஒரு அம்மாவிடம் துக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று சொல்லித் தொலைத்தேன். வாயில் அந்த வார்த்தைதான் வந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "எனக்கும்தான்" என்றார். ஒன்பது வருஷம் ஆகிறது, நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

போன செப்டம்பரில் அப்படி ஒரு நோட்டீசை ஒட்டிக்கொண்டிருந்தபோது அமலா அக்காவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பெரியப்பா மகள். கிருமாம்பாக்கத்தில் பஸ் இறங்கி உள்ளே போகிற எங்கள் ஊரில் எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

"டேய் ஆரோக்கியம், கேட்டுக்கோ. வெள்ளம் வந்ததுலருந்து கல்லறைத் தோட்டம் பூரா வண்டல் மூடிக்கினு கிடக்குது இல்ல, அத கோயில் கமிட்டிக்காரங்க லெவல் பண்ணப் போறாங்களாம். கல்லறைத் திருநாளுக்குள்ள அவங்கவங்க குழிய அவங்கவங்க காட்டணுமாம். காட்டினா நம்பர் போட்டுக் குடுப்பாங்க, கல்லு நட்டுக்கலாம். காட்டலன்னா சமமாக்கிட்டு மேல புதுசா பொதைக்கப் போறாங்க. சித்தி குழி எதுன்னு நீ வந்து காட்டுடா. எனக்கு பயமா இருக்குது."

கையெல்லாம் பசை. எவனோ ஒரு பியேரின் குடும்பத்தைக் கூப்பிட்டு நான் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டு வரைதான் கெடு. மீதித் தாள்களை வண்டியிலேயே போட்டுவிட்டுப் போய் லீவு எழுதிக் கொடுத்தேன்.

2

வந்து காட்டு என்கிறாள். நான் எதைக் காட்டுவேன்? அம்மாவைப் புதைத்தபோது நான் அங்கே இல்லையே.

பதினோரு வருஷம் ஆகிறது. அப்போது என் குடியிருப்பு அட்டை புதுப்பிப்பில் கிடந்தது. கையில் இருந்தது ஒரு ரசீதுத் தாள். அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று கவுண்டரில் சொன்னார்கள். பொண்டாட்டி பிள்ளை இங்கே, அம்மா அங்கே பெட்டியில். ஒரே மகன். போகவில்லை. போனில் பாட்டும் அப்புறம் மண் விழுகிற சத்தமும் கேட்டேன். எழுதும்போது இரண்டே வார்த்தையில் முடிந்துவிடுகிறது, போகவில்லை. அதற்காக என் மேலேயே எனக்கு இருக்கிற எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை.

ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் அமலா அக்கா ஒரு போட்டோ அனுப்புவாள். மண் மேடு, மேலே சாமந்தி, நாலு மெழுகுவத்தி. அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன்.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது என் மகள் இனேஸ் காதிலிருந்து ஹெட்செட்டைக் கூட எடுக்கவில்லை. பதிமூன்று வயது. தமிழில் சாப்பாட்டு வார்த்தைகளும் திட்டும் மட்டும் தெரியும். "நீதான் எல்லாருடைய கல்லறையையும் காலி செய்கிறாயே அப்பா, உன் அம்மாவுடையது மட்டும் ஏன் இருக்க வேண்டும்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் மேல் கத்தினேன். மறுநாள் அவளே வந்து தன் சின்ன ட்ரோனைப் பெட்டியோடு என் மேஜையில் வைத்தாள். மேலேயிருந்து படம் எடுத்தால் புதைத்த இடம் பள்ளமாகத் தெரியுமாம், ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளிக்குக் கூட்டிப்போய் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தாள். வருஷக்கணக்கில் அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து பேசியதே இல்லை.

சென்னை ஏர்போர்ட்டில் அந்தப் பெட்டி ஸ்கேனரைத் தாண்டவில்லை. "வெளிநாட்டுலருந்து ட்ரோன் கொண்டாரக்கூடாது சார், இறக்குமதிக்குத் தடை" என்றார் கஸ்டம்ஸ்காரர். மரியாதையாகத்தான் சொன்னார். கிளம்பும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி ரசீது கொடுத்தார். எனக்கென்று எழுதி வைத்திருக்கிறது, எந்த நாட்டுக்குப் போனாலும் கையில் ஒரு ரசீது.

3

வீட்டுக்குப் போய் பையை வைத்ததும் அமலா அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வந்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

"சித்தி சிலுவைய கரையான் அரிச்சி அஞ்சாறு வருஷம் ஆவுதுடா. அதுக்கப்புறம் ஒரு குத்துமதிப்பாத்தான் மெழுகுவத்தி ஏத்தினேன். நாலாவது வரிச, புங்க மரத்துக்குப் பக்கம். அவ்ளோதான் தெரியும். அங்க ஒரே மாதிரி நாலஞ்சி மேடு இருந்துது. எதுன்னு தெரியல. உங்கிட்ட எப்டி சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறக்கும் முன்னால், என்ன உரிமையில் கோபப்படுகிறாய் என்று எனக்கே தோன்றிவிட்டது. அவள் மழையிலும் போய் மெழுகுவத்தி ஏற்றியவள். "சரி விடுக்கா, சோறு போடு" என்றேன்.

ட்ரோனுக்கு ரெஜினாவைப் பிடித்துக் கொடுத்ததும் அக்காதான். பக்கத்துத் தெரு. மகளிர் குழுவில் சேர்ந்து ட்ரோன் பயிற்சி எடுத்து, சர்டிபிகேட் வாங்கி, பாகூர் பக்கத்து நெல் வயலுக்கும் கரும்புக்கும் மருந்து அடிக்கிறார். அதற்கு ஒரு பெரிய மெஷின். கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஒரு சின்னது. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் தாஸ், கொத்தனார், இறந்து மூன்று வருஷம் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்ணே. உங்க பாஸ்போர்ட் இன்னா கலரு?" என்று கேட்டார் ரெஜினா.

"சிவப்பு."

"அப்போ ரிமோட்ட கையில வாங்காதீங்க. வெளிநாட்டுக்காரங்க இங்க ட்ரோன் ஓட்டக்கூடாது. நான் ஓட்றேன், நீங்க ஸ்கிரீனப் பாருங்க."

பிறந்த ஊரில், பக்கத்துத் தெருப் பெண் வெளிநாட்டுக்காரன் என்கிறாள். சட்டப்படி சரி. பிரான்சில் என் பெயரைச் சொன்னால் எந்த நாடு என்று கேட்கிறார்கள், இங்கே பாஸ்போர்ட் கலரைக் கேட்கிறார்கள். எரிச்சலை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

ரெஜினா விரல் மடக்கிச் சொன்னதை, உங்களில் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன். ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். கால் கிலோவுக்குள் இருந்தால் ஓட்ட சர்டிபிகேட் தேவையில்லை, அதற்கு மேல் போனால், அதுவும் காசு வாங்கிக்கொண்டு எடுத்தால், வேண்டும். பறக்கிற இடம் அரசாங்க வரைபடத்தில் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்தாலும் உயரத்துக்கு வரம்பு உண்டு. ஏர்போர்ட் கிட்டே இருக்கிற ஊர்க்காரர்களுக்குத் தொல்லை அதிகம், எங்கள் பாகூர் பக்கம் தள்ளி இருப்பதால் பரவாயில்லை. கல்லறை கோயிலின் இடம், அதனால் பங்குச் சாமியாரின் கையெழுத்து. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தகவல் கடிதம். கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒரு நகல். கூட்டத்துக்கு மேல் பறக்கவே கூடாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு வீடு இருக்கிறது, பெண்கள் போர் மோட்டாரில் குளிப்பார்கள், கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது.

"இதெல்லாம் எவ்வளவு நாள் ஆகும்?"

"பாக்கலாம்ணே" என்றார்.

4

பாக்கலாம் என்ற வார்த்தை என்னைக் கொன்றது. லீவு மூன்று வாரம். அக்டோபர் பாதி தாண்டிவிட்டது, எந்த நாளும் மழை பிடிக்கலாம்.

சாமியார் இரண்டு நாள் வெளியூர். வந்ததும் கையெழுத்துப் போட்டார், ஆனால் நிபந்தனையோடு. போன வருஷம் எவனோ கல்லறைத் திருநாளை ட்ரோனில் எடுத்து, பின்னால் ஒரு பாட்டைப் போட்டு நெட்டில் ஏற்றிவிட்டானாம். மார் அடித்து அழுத ஒரு பெண்ணை ஊரே போனில் பார்த்திருக்கிறது. அடிதடி வரை போயிருக்கிறது. "திருநாளன்னிக்கி எடுக்கக் கூடாது. ஆளுங்க மூஞ்சி விழக் கூடாது. எங்கயும் போடக் கூடாது. எடுத்ததுல ஒரு காப்பி உபதேசியார்கிட்ட குடுக்கணும்" என்றார். நியாயம்தான். எங்கள் மேரியிலும் கல்லறைக்கு மேலே ட்ரோன் விடக் கேட்டால் இதே கதையைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள்.

சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் ஊருக்குப் புதுசு. நீளமான நோட்டை வைத்துக்கொண்டு யார் யார் எந்தக் குழி என்று எழுதிக்கொண்டிருந்தார். பழைய பதிவேடு வெள்ளத்தில் கஞ்சியாகிவிட்டது. அவரிடம் போய், எங்கள் ஊரில் இதற்கெல்லாம் வரைபடம் இருக்கும், குத்தகை எண் இருக்கும் என்று ஆரம்பித்தேன். "உங்க ஊருன்னா எது சார்?" என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

எல்லாக் காகிதமும் வந்த பிறகும் ரெஜினா நாள் கடத்தினார். ஒருநாள் காற்று என்றார். ஒருநாள் வயலுக்கு மருந்தடிக்கப் போக வேண்டும் என்றார். இன்னொரு நாள் பருந்து ஜோடி கூடு கட்டியிருக்கிறது, ட்ரோனை அடிக்கும் என்றார். காற்று நான் நின்ற இடத்தில் ஒரு இலையைக் கூட அசைக்கவில்லை. "இன்னாம்மா, எனக்கு டிக்கெட் இருக்குது" என்று கத்தியே விட்டேன். அவர் திரும்பக் கத்தவில்லை. "உங்களுக்கு டிக்கெட் இருக்குது, இங்க இருக்கிறது நாங்கதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராங்கிக்காரி என்று அக்காவிடம் திட்டினேன். கடலூரிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடப் போகிறேன் என்று தெரு கேட்கச் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் ரெஜினாவே வாசலில் வந்து நின்றார்.

5

காலை ஆறரை இருக்கும். வெயில் தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் எதற்கு என்று அவரே சொன்னார். உச்சி வெயிலில் மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் சமமாகத் தெரியும். சாய்ந்த வெயிலில் நாலு விரல் பள்ளத்துக்கும் நிழல் விழும். "நெல்லு வயல்ல பழைய கெணறு மூடின எடம் கூட காட்டிக் குடுத்துடும்ணே. தோண்டின மண்ணு தோண்டாத மண்ணு மாதிரி இருக்காது."

ட்ரோன் கிளம்பியது. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை, காய்ந்த வண்டல், நாணல், அங்கங்கே வெள்ளத்துக்குத் தப்பிய சிமெண்ட் கல்லறைகள். ஸ்கிரீனில் அப்படி இல்லை. வரிசை வரிசையாகக் குழிகள் தெரிந்தன. பெரியது, சின்னது, மதிலோரம் குழந்தைகளுடையது. ஊரே அங்கே படுத்திருந்தது. முதல் வரிசை, இரண்டு, மூன்று என்று நேராக நூல் பிடித்த மாதிரி ஓட்டினார். நாலாவது வரிசையில் பாதி போனதும் ட்ரோன் திரும்பிவிட்டது.

"இன்னாம்மா, மரத்துப் பக்கம் போகலியே."

"மரம் இருக்குதுண்ணே. சிக்னல் போய்டும்."

திரும்ப ஓட்டினார். ஐந்தாவது, ஆறாவது எல்லாம் முழுசாக வந்தன. ஆறாவது வரிசையில் புங்க மரத்தை விடப் பெரிய வேப்ப மரம் நின்றது, அதன் மேலேயே கூலாகப் போய் வந்தார். ஒன்பது வருஷமாகக் கல்லறை வரைபடத்தைப் பார்த்தே சோறு தின்கிறவன் நான். எந்த இடம் விட்டுப்போனது என்று எனக்குத் தெரியாதா? விட்டது ஒரே துண்டுதான். புங்க மரத்தடித் துண்டு.

"இறக்கும்மா" என்றேன். இறக்கினார். "எதுக்கு அந்த எடத்த விட்டே? யாருக்காக? கமிட்டியில யாராவது சொன்னாங்களா?"

ரிமோட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"உங்கம்மாவுக்கு தொடையில இரும்பு ராடு வெச்சிருந்தாங்களா?"

ஆமாம். சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் களத்து மேட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். அது எனக்கும் அமலா அக்காவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். "ஆமாம்மா, உனக்கு எப்டித் தெரியும்?" என்றேன்.

"அப்போ அவங்கதான்" என்று சொல்லி ரெஜினா வண்டலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

6

தாஸ் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது கல்லறையில் புது இடம் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிமெண்ட் போடாத குழி, சிலுவை இல்லாத குழி, பல வருஷம் ஆகியிருந்தால் அதையே திரும்ப வெட்டி அடுத்தவரை வைப்பார்கள். புங்க மரத்தடியில் கேட்பாரில்லாத ஒரு மேட்டை வெட்டினார்கள். அமலா அக்கா அப்போது மகள் பிரசவத்துக்குத் திருக்கனூர் போயிருந்தாள். வெள்ளத்தில் தாஸின் சிலுவையும் போயிற்று. ஆனால் ரெஜினாவுக்கு அந்த இடம் தெரியாமல் போகுமா? கமிட்டி அறிவித்த மறுநாளே போய் நோட்டில் தன் புருஷன் பெயரை எழுத வைத்துவிட்டார்.

"ஒரு குழிக்கு ஒரு பேருன்னுதான் சொல்றாங்க. நாலாவது வரிச, புங்க மரம்னு அமலாக்கா சொன்னப்பவே அது அவரு எடமாத்தான் இருக்கும்னு எனக்கு தோணிப்போச்சி. நீங்க பிரான்சுக்காரரு. பேப்பரோட வர்றீங்க, சலவக்கல்லு போடுவேன்றீங்க. உங்கள விட்டுட்டு எனக்கா நம்பர் குடுப்பாங்க? முடியாதுன்னா வேற ஆள கூட்டியாருவீங்க. அதான் நானே ஒத்துக்கிட்டேன். நாளக் கடத்தினா டிக்கெட்டு நாளு வந்து போய்டுவீங்கன்னு பாத்தேன். என் மேல தப்புதான்."

கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கேட்பாரில்லாத மேடு என்று வெட்டினார்கள் என்றால், கேட்காதவன் நான். என்னை மாதிரி ஒருவனுக்காக எத்தனை தாள் ஒட்டியிருக்கிறேன்.

"அன்னிக்கி குழி வெட்டறப்போ எலும்பு வந்துதுண்ணே. அந்த ராடும் வந்துது. ஓரமா போடப் போனாங்க. நான்தான் குடுங்கன்னு வாங்கினேன். மூணு குடம் தண்ணி ஊத்திக் கழுவினேன். புதுப் புடவ ஒண்ணு, அவரு எடுத்துக் குடுத்து கட்டாம வெச்சிருந்தேன், அதுல மூட்ட கட்டி அவரு கால்மாட்டுல நானே எறங்கி வெச்சேன். யாரோ ஒரு அம்மான்னு மட்டும் தெரிஞ்சுது. சின்ன எலும்பு. யாரா இருந்தாலும் சரி, என் புருஷன் உள்ள தனியா கெடக்கக் கூடாது, பாத்துக்கம்மான்னு சொல்லிட்டு மேல வந்தேன்."

நான் அழுதேன். போனில் மண் விழுந்த சத்தத்துக்கு அன்றைக்கு வராத அழுகை. என் அம்மாவைக் கழுவியிருக்கிறாள், புதுப் புடவை கட்டியிருக்கிறாள், கையில் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கியிருக்கிறாள். நான் செய்ய வேண்டியதையெல்லாம் பெயர் கூடத் தெரியாமல் ஒருத்தி செய்திருக்கிறாள். அவளைத்தான் ராங்கிக்காரி என்று தெரு கேட்கத் திட்டினேன். அவள் காலில் விழவும் துணிவில்லை, கும்பிடவும் கை எழவில்லை. "அம்மா பேரு மரிய செல்வம்" என்று மட்டும் சொன்னேன். ரெஜினா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

விட்டுப்போன துண்டையும் அப்புறம் எடுத்தார். மரத்தின் நிழலுக்கு வெளியே ஒரே ஒரு பள்ளம், சுற்றிலும் இருந்ததை விடப் புல் பச்சையாக. அதன் மேல் ட்ரோனைக் கொஞ்ச நேரம் அசையாமல் நிறுத்தி வைத்தார். பாட்டரி குறைகிறது என்று மெஷின் கத்தும் வரை நாங்கள் இருவரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு இருவரும் உபதேசியாரிடம் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். ஒரு நம்பருக்கு இரண்டு பெயர் போடுவதென்றால், இருவரும் ஒரே குடும்பம் என்றால்தான் போடலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்களாம். அம்மா பெயர் வேண்டாம், தாஸ் பெயர் மட்டும் இருக்கட்டும் என்றேன். ரெஜினா சட்டென்று நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ரெண்டு பேரையும் எழுதுங்க."

"எழுதலாம்மா. உறவுன்னு ஒரு கட்டம் இருக்குதே. அந்த அம்மாவுக்கு தாஸ் இன்னா வேணும்?"

"புள்ளன்னு எழுதுங்க" என்றார் ரெஜினா.

உபதேசியார் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பெற்ற பிள்ளை நான் எதிரே நின்றுகொண்டிருக்கிறேன்.

"அப்படியே எழுதிக்கோங்க" என்றேன்.